நம் தட்டில் அரசுக்கு என்ன வேலை?



இந்த மாத மளிகை பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிஸ்கட், சாக்லேட், மிக்ஸர், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு இவற்றுக்கு 12 அல்லது 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம். பாதாம் பருப்புக்கும் இப்போது 5 சதவீதம்தான். ஆக, பிள்ளைக்குப் பாதாம் வாங்கினாலும் சாக்லேட் வாங்கினாலும் வரி ஒன்றே.

உடல் பருமனைக் குறைக்க அரசு சட்டம் போடலாமா, வரி விதிக்கலாமா என்று பேச்சு வந்தால், ‘நான் என்ன சாப்பிட வேண்டும் என்று அரசு யார் சொல்ல?’ என்று நம்மில் பலருக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான். ஆனால் அரசு ஏற்கெனவே நம் சமையலறைக்குள்தானே இருக்கிறது? ரேஷன் கடையில் அரிசி இலவசம். ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். சர்க்கரையும் மலிவு விலையில் கிடைக்கிறது. எது மலிவு, எது விலை அதிகம் என்பதை அரசின் வரியும் மானியமும் தினமும் தீர்மானித்துக்கொண்டேதான் இருக்கின்றன. அந்த அதிகாரம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டு நிலவரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட நம் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு அளவுக்கு மீறிய எடை. ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் சுமார் 31 சதவீதமாக இருந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் இத்தனை லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் மனக்கட்டுப்பாடு தளர்ந்துபோயிருக்குமா? சுற்றியுள்ள கடைகளும் விளம்பரங்களும் வேலை முறையும் மாறியிருக்கின்றன என்பதே நம்பும்படியாக இருக்கிறது.

‘இதெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்’ என்பார்கள். வீடு என்றால் யார்? பெரும்பாலும் அம்மா. அவரும் வேலைக்குப் போகிறார். காலையில் டிபன் கட்டி, மாலையில் களைத்து வந்து, அடம்பிடிக்கும் பிள்ளையை அவர் ஒருவரே சமாளிக்க வேண்டும். எதிரே நிற்பதோ சினிமா நட்சத்திரம், கிரிக்கெட் வீரர், கார்ட்டூன் பொம்மை, தெருமுனைக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் 5 ரூபாய் பாக்கெட். பிள்ளை குண்டாகிவிட்டால் உறவினர் கேள்வி கேட்பதும் அந்த அம்மாவைத்தான். இந்தப் போட்டி சமமானது என்று யாராவது சொல்ல முடியுமா?

அந்த 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரி குறைந்தால் அதன் விலை பெரும்பாலும் குறைவதில்லை. விலை அப்படியே இருக்க, உள்ளே எடை கூடும். வரிச் சலுகை நம் பர்ஸுக்கு வராமல் பிள்ளையின் வயிற்றுக்குக் கூடுதல் சிப்ஸாகப் போகிறது.

குளிர்பானத்துக்கு வருவோம். கோலாவுக்கு 40 சதவீத வரி இருக்கிறதே, அது போதாதா? அங்கேதான் சிக்கல். சர்க்கரை நிறைய போட்ட கோலாவுக்கும் சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் அதே 40. கேஸ் இல்லாத பாட்டில் மாம்பழ பானத்துக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைத்திருக்கிறார்கள்; அதிலுள்ள சர்க்கரை கோலாவுக்குச் சளைத்ததில்லை. பழம் என்ற நம்பிக்கையில் நாமும் அதைத்தான் விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுக்கிறோம். சர்க்கரையைக் குறைக்கும் கம்பெனிக்கு இந்த வரியால் எந்த லாபமும் இல்லை.

பிரிட்டன் இதை வேறு மாதிரி செய்தது. 2018 ஏப்ரலில் அங்கே நடைமுறைக்கு வந்த குளிர்பான வரி சர்க்கரையின் அளவைப் பார்த்தது. 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரி கிடையாது. 5 கிராம் முதல் ஒரு விகிதம், 8 கிராம் முதல் அதைவிட அதிகம். 2016-லேயே அறிவித்து, இரண்டு வருட அவகாசமும் கொடுத்தார்கள். வரி அமலுக்கு வரும் முன்பே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. வாங்குகிறவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதே கடையில் வாங்கிய பாட்டிலில் சர்க்கரை குறைந்திருந்தது. எனக்குப் பிடித்த வரி இதுதான். மக்களைத் தண்டிக்காமல் தயாரிப்பாளரைத் திருத்துகிற வரி.

எல்லா வரியும் இப்படி நன்றாக முடிந்துவிடவில்லை. டென்மார்க் 2011-ல் நிறைவுற்ற கொழுப்புக்கு வரி போட்டது. வெண்ணெயும் சீஸும் விலை ஏறின. ஜனங்கள் எல்லை தாண்டி ஜெர்மனியில் போய் வாங்கினார்கள். 2013 தொடக்கத்தில் வரியையே எடுத்துவிட்டார்கள். தினசரிச் சமையல் பொருளில் கை வைத்தால் இப்படித்தான் ஆகும். நம் ஊரில் நெய்க்கும் எண்ணெய்க்கும் அப்படி ஒரு வரி வந்தால் நானே முதல் ஆளாக எதிர்ப்பேன்.

பக்கத்துக் கேரளமும் 2016-ல் முயன்றது. பிராண்டட் உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீத வரி. பரோட்டா கடைக்கு அது போகவில்லை, போயிருக்கவும் கூடாது. நாள் முழுக்க மூட்டை தூக்கியவர் சாப்பிடும் பரோட்டாவுக்கு வரி போட யாருக்கு மனசு வரும்? மறு வருடம் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி மறைந்தது. இப்போது இப்படி ஒரு வரியைத் தனியாகப் போடும் வழி மாநிலங்களுக்கு இல்லை. ஜிஎஸ்டி கவுன்சில்தான் முடிவு செய்ய வேண்டும்.

சட்டம் என்றாலே பயப்பட வேண்டியதில்லை. வனஸ்பதியிலும் எண்ணெயிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் இந்தியா முழுக்க நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ஊர் ஸ்வீட் ஸ்டால் அதனால் மூடிவிட்டதா? பேக்கரியில் பப்ஸ் கிடைக்காமல் போய்விட்டதா? இதயத்துக்குக் கெடுதலான ஒரு பொருளைச் சட்டம் சத்தமில்லாமல் நம் தட்டிலிருந்து குறைத்தது. நாம் லேபிள் படித்து, கிராம் கணக்கு போட்டு இதைச் சாதித்திருக்க முடியாது.

லேபிள் என்றதும் ஆதங்கமும் வருகிறது. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை இருக்கிறது. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும். இங்கே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் நட்சத்திரக் குறியீடு என்று ஒரு வரைவு வெளியிட்டது. முன்பக்க லேபிள் விஷயத்தை முடிக்க 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடுவும் விதித்தது. அந்தக் கெடுவுக்குள் காரியம் முடியவில்லை. என் கருத்தைக் கேட்டால், நட்சத்திரம் வேண்டாம். நட்சத்திரம் பாராட்டு மாதிரி தெரியும். ‘சர்க்கரை அதிகம்’ என்று பெரிய எழுத்தில், தமிழில் போடட்டும்.

‘வரி போட்டால் ஏழைகள் மீதுதானே சுமை விழும்?’ என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நோயின் சுமை யார் மீது விழுகிறது? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை 2021 முதல் வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம், எத்தனையோ முதியவர்களுக்கு ஆறுதல். அந்த மாத்திரையின் செலவும் நம் வரிப்பணம்தானே? சர்க்கரை பானத்தில் வசூலாகும் பணத்தை ரேஷனில் பருப்பைக் கூட்டவும், 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் தொடங்கிய கேழ்வரகு விநியோகத்தை எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுபோகவும் செலவழித்தால், ஏழைக் குடும்பம் வரியாகக் கொடுத்தது அதற்கே திரும்பி வரும்.

வரி ஒன்றினால் யாருடைய எடையும் குறைந்துவிடாது. மைதானம் வேண்டும், நடக்கப் பாதுகாப்பான தெரு வேண்டும், சமைக்க நேரம் வேண்டும். இருந்தாலும், சர்க்கரையின் அளவுக்கேற்ற வரி, முன்பக்க எச்சரிக்கை, குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குத் தடை ஆகிய மூன்றையும் அரசு செய்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

டெல்லி முடிவெடுக்கும் வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள உணவுகளைப் பள்ளி கேன்டீனிலும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். தலைமையாசிரியர் என்ன பதில் சொன்னார் என்று எங்களுக்கு எழுதுங்கள். வந்த பதில்களை இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்