நியமிக்கும் அதிகாரம் பேராவுக்கு வேண்டும்

பேரா மாநிலத்தின் தலைமை அரசு மருத்துவமனையான ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையால் ஒரு மருத்துவரைக்கூடத் தன் பொறுப்பில் நிரந்தரப் பணியில் அமர்த்த முடியாது. தாப்பா, சிலிம் ரிவர், கிரிக் மருத்துவமனைகளின் நிலையும் இதுதான். நியமனம் பொதுச் சேவை ஆணையத்திடம் இருக்கிறது. எத்தனை பதவிகள் என்பதைப் பொதுச் சேவைத் துறை தீர்மானிக்கிறது. யார் எந்த ஊருக்குப் போவது என்பதைச் சுகாதார அமைச்சு முடிவு செய்கிறது. இரவுப் பணிக்கு ஆள் போதாமல் தவிக்கும் மருத்துவமனை இயக்குநரால், இந்த மூன்று இடங்களுக்கும் கடிதம் எழுதிக் காத்திருக்க மட்டுமே முடியும். மாநில அளவில் ஒரு பொது மருத்துவமனை வாரியத்தைச் சட்டப்படி அமைத்து, மருத்துவர்களை நேரடியாக நியமிக்கும் அதிகாரத்தை அதற்கு வழங்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

இப்போதைய முறை என்ன விளைவைத் தந்திருக்கிறது என்பதை 2016 டிசம்பரில் தொடங்கிய ஒப்பந்த நியமனமே காட்டிவிட்டது. மருத்துவப் பட்டதாரிகள் பெருகினார்கள். நிரந்தரப் பதவிகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. 2021-இன் நடுப்பகுதி வரை ஒப்பந்தத்தில் சேர்ந்த 23,077 மருத்துவர்களில் 789 பேருக்கே நிரந்தரப் பணி கிடைத்தது. கோவிட் உச்சத்தில் இருந்தபோது, அந்த ஆண்டு ஜூலை 26 அன்று, ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுவதும் வெளிநடப்புச் செய்தார்கள். அதன் பிறகு ஒப்பந்தக் காலம் நீட்டிக்கப்பட்டது, நிரந்தரப் பதவிகளும் கூடின. ஆனால் முடிவெடுக்கும் இடம் மாறவில்லை. வார்டுகளில் ஆள் போதவில்லை, அதே வேளையில் பயிற்சி முடித்தவர்களுக்கு நிலையான வேலையும் இல்லை. இந்த இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததற்குக் காரணம், தேவையை அறிந்தவரிடம் அதிகாரம் இல்லாததுதான். தாப்பாவில் பிறந்து, அங்கேயே வேலை செய்ய விரும்பும் ஓர் இளம் மருத்துவரைத் தாப்பா மருத்துவமனையால் அழைத்துக்கொள்ள முடியாது என்பதை எப்படி நியாயப்படுத்துவது?

இது நம் நாட்டுக்கே அந்நியமான யோசனை அல்ல. பல்கலைக்கழக மருத்துவமனைகள் சுகாதார அமைச்சின் கீழ் இல்லை; அங்குள்ள மருத்துவர்களைப் பல்கலைக்கழகங்களே நியமிக்கின்றன. 1992-இல் நிறுவனமாக்கப்பட்ட தேசிய இருதயக் கழகமும் தன் மருத்துவர்களைத் தானே அமர்த்துகிறது. ஆசிரியர்களுக்காக 1974-லேயே கல்விச் சேவைக்கென்று தனி ஆணையம் ஏற்பட்டது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையும் மருத்துவமனைகளுக்குக் கூடுதல் தன்னாட்சி தருவதை நோக்கியே பேசுகிறது. மருத்துவமனைகள் அரசியலமைப்பின்படி மத்திய அரசின் பட்டியலில் இருப்பதால், பேரா சட்டமன்றத்தால் இதைத் தனியே செய்ய இயலாது. சட்டம் நாடாளுமன்றத்தில்தான் பிறக்க வேண்டும்.

எதிர்ப்புகளில் கனமானது ஒன்று: சம்பளம் கொடுக்கும் மருத்துவமனை, மருத்துவரின் தீர்ப்பில் தலையிடாதா? இந்தக் கேள்வியைப் பேரா மக்களைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. காலனிய காலத் தொழிலாளர் சட்டங்களின்படி ரப்பர்த் தோட்டங்கள் மருத்துவமனை வைத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே அன்றாடம் நோயாளியைப் பார்த்தவர் டிரெசர். அவர் தோட்ட நிர்வாகத்தின் ஊழியர். காய்ச்சலோடு வரும் பால்மரத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்புவதா, மரம் வெட்ட அனுப்புவதா என்று அவர் முடிவு செய்யும்போது, அன்றைய ஆள் கணக்கைப் பார்க்கும் மேனேஜரே அவருக்கும் முதலாளி. 1965-இன் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் தகுதியை ஒழுங்குபடுத்தியது. யார் சம்பளம் தருகிறார் என்பதை அது தொடவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீட்டுமனைகளாகியும் போனபின், அந்த மக்களின் பிள்ளைகள் இன்று சுங்கை சிப்புட், பத்து காஜா அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அந்தப் பழைய உறவுமுறை திரும்பி வரக்கூடாது.

அதனால்தான் அதிகாரத்தோடு அரணையும் ஒரே சட்டத்தில் எழுத வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் மருத்துவரை மருத்துவமனை ஊழியராக்குவதை நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தது. 2011-இல் சிற்றூர் மருத்துவமனைகளுக்கு விலக்கு அளித்தபோது, மருத்துவத் தீர்ப்பு மருத்துவரிடமே இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே வைத்தது. அதைக் காக்கும் பொறுப்பை ஒரு தலைமை மருத்துவரிடம் கொடுத்தது. இங்கும் அதுவே வேண்டும். மருத்துவச் சான்றிதழ், பரிசோதனை, வெளியேற்றம், மேல்மருத்துவமனைக்கு அனுப்புதல் ஆகியவற்றில் வாரியம் கை வைத்தால், மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்திடம் முறையிடவும், முறையிட்டதற்காக வேலை போகாமலிருக்கவும் சட்டம் உறுதி தர வேண்டும்.

ஈப்போ மற்ற ஊர்களின் மருத்துவர்களை உறிஞ்சிவிடும் என்ற அச்சமும் சரியானதே. அதனால்தான் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அல்ல, மாநிலம் முழுவதற்கும் ஒரே வாரியம் என்கிறோம். அடிப்படைச் சம்பளம் நாடு முழுவதும் ஒன்றாக இருக்கட்டும். கிரிக்குக்குப் போகிறவருக்கான கூடுதல் படியையும் வீட்டையும் நிபுணத்துவப் படிப்புக்கான முன்னுரிமையையும் வாரியம் தீர்மானிக்கட்டும். ஓய்வூதியம் போய்விடும் என்ற வாதம் முன்பு வலுவாக இருந்தது. 2024 பிப்ரவரி முதல் புதிதாக நிரந்தரமாகச் சேரும் அரசு ஊழியருக்கும் ஊழியர் சேமநிதிதான் என்று ஆனபின், இளம் மருத்துவர்களைப் பொறுத்தவரை அது பெரிதும் வலுவிழந்துவிட்டது.

உள்ளூர் வாரியம் வேண்டியவர்களுக்கு வேலை கொடுக்கும் என்று நம் வாசகர்களில் பலர் அஞ்சுவார்கள். சிறுபான்மையினருக்கு அந்த அச்சம் காரணமில்லாமல் வருவதல்ல. ஒவ்வொரு காலியிடமும் தேர்வு அளவுகோலும் முடிவும் பொதுவில் வெளியாக வேண்டும். நிராகரிக்கப்பட்டவர் பொதுச் சேவை ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யும் உரிமை வேண்டும். பணம் மத்திய நிதி ஒதுக்கீடாகவே வர வேண்டும். வெளிநோயாளியிடம் ஒரு ரிங்கிட் வாங்கும் மருத்துவமனை தன் சம்பளச் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளட்டும் என்று விட்டால், முழுக் கட்டணம் தரக்கூடியவரைத் தேடிப் போகும் நிலைக்கு அது தள்ளப்படும். இருதயக் கழகத்தைத் தனியாருக்குக் கொடுக்கும் 2008-ஆம் ஆண்டு முயற்சி மக்கள் எதிர்ப்பால் நின்றது. அந்த எதிர்ப்பில் வெளிப்பட்ட விருப்பத்துக்கு இணங்க, வாரியத்தின் பங்குகளை விற்கவோ நிர்வாகத்தைக் குத்தகைக்கு விடவோ கூடாது என்ற பிரிவு சட்ட வரைவின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.