நாய்க்கு அவசரம் என்றால் எந்த மாநிலத்தை அழைப்பது?

நாய்க்கு வரும் அவசரங்கள் பலவும் சில மணி நேரங்களில் தீர்மானமாகிவிடுகிறவை. தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ வைரஸ் தொற்றினால் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் உடம்பின் நீரை வற்ற அடித்துவிடும். நரம்பில் குளுக்கோஸ், உப்புத் திரவம் ஏற்றி உடனே கவனித்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலானவை இறக்கின்றன. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்து நாயின் வயிற்றுக்குள் போனாலும் இதே கணக்குத்தான். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளுக்கு அட்ரோபின் என்ற மாற்றுமருந்து இருக்கிறது. விலை அதிகமில்லாத அந்த ஊசியை அளவறிந்து போட ஒரு மருத்துவர் வேண்டும். விரியன் கடித்த நாய்க்கும் மருத்துவர் உடனே வேண்டும். ஆகவே இங்கே சிகிச்சை என்பது முதலில் தூரத்தைப் பற்றிய கேள்வி.

கேரள எல்லையோரத் தமிழ் ஊர்களில் அந்தத் தூரத்தை மாநில எல்லை கூட்டிவிடுகிறது. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் மக்களுக்குப் பொள்ளாச்சி கைக்கெட்டும் தூரம். கேரளத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று இருக்கும் மண்ணுத்தியோ திருச்சூரை ஒட்டியிருக்கிறது. அட்டப்பாடிக்காரர்களுக்கு ஆனைகட்டி வழியாகக் கோவை. மறையூரிலிருந்து சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை 40 கி.மீ. சொச்சம்; குமுளியிலிருந்து மலையிறங்கினால் கூடலூர், கம்பம். உடுமலையிலும் தேனியிலும் இப்போது அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. மனிதர்களின் வைத்தியத்துக்கு இந்த ஊர்க்காரர்கள் தேனிக்கும் கோவைக்கும் போவது புதிதல்ல. கால்நடைக்கான அரசு ஏற்பாடு மட்டும் எல்லையோடு நின்றுவிடுகிறது.

கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற இலவச எண்ணை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் திட்டத்தில் ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு நடமாடும் மருத்துவ வண்டி என்பது அளவுகோல். வண்டிக்கு ஒரு மருத்துவர், ஒரு உதவியாளர், ஒரு ஓட்டுநர். கேரளம் 2023 ஜனவரியில் 29 வண்டிகளோடு தொடங்கியது. தமிழ்நாடு 2024இல் 245 வண்டிகளை விட்டது. எண் ஒன்றுதான். ஆனால் அழைப்பை எடுக்கும் மையமும் வண்டியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தலைக்கணக்கு என்ற அளவுகோலே மலைக்குப் பொருந்தாது. சமவெளியில் ஒரு லட்சம் மாடு ஆடுகள் நெருக்கமான ஊர்களில் இருக்கும். 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து, கொண்டை ஊசி வளைவுகளாகக் கிடக்கும் இடுக்கியில் அதே எண்ணிக்கையைச் சுற்றிவர ஒரு வண்டியால் ஆகுமா? கேரளத்தில் பிளாக் அளவில் இரவுநேர மருத்துவர் என்ற நல்ல ஏற்பாடும் உண்டு. ஆனால் மூணாறு, மறையூர், காந்தளூர், வட்டவடை எல்லாம் சேர்ந்த தேவிகுளம் பிளாக்கில் இரவில் ஒரு மருத்துவர் எந்தப் பக்கம் ஓடுவார்?

இதற்காகப் புதிய மருத்துவமனை கட்டச் சொல்லவில்லை. எல்லையோரத்திலிருந்து வரும் 1962 அழைப்பை எந்த மாநில மையம் எடுத்தாலும், அருகிலிருக்கும் வண்டியையோ மருத்துவரையோ அனுப்ப வேண்டும், அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும். சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், இந்தியப் பதிவேட்டில் பெயர் உள்ள மருத்துவர் நாட்டின் எந்தப் பகுதியிலும் தொழில் செய்ய இடம் தருகிறது. மொழியும் தடையாக வேண்டியதில்லை. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. எழுத்தில் தந்த அந்த உரிமை, நாய் துடித்துக்கொண்டிருக்கும்போது பேசும் தொலைபேசியிலும் கிடைக்க வேண்டாமா?

மனிதருக்கே மலையில் வைத்தியம் போதவில்லை, நாய்க்கு என்ன அவசரம் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. தேயிலைத் தோட்ட லயங்களில் இருப்பவர்களுக்கு அது தினசரி வேதனை. ஆனால் நாயை விட்டுவிடுவதால் மனிதருக்கு ஒன்றும் மிச்சமாவதில்லை. எச்சில் ஒழுகி, தள்ளாடி, கடிக்க வரும் நாய்க்கு விஷமா, டிஸ்டெம்பரா, வெறிநோயா என்று வீட்டுக்காரரால் சொல்ல முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கைவிடுகிறவர், அது வெறிநோயாக இருந்தால் தன் உயிரையே பணயம் வைக்கிறார். அறிகுறி தோன்றிய பிறகு வெறிநோய் அநேகமாக மரணம்தான். யாரெல்லாம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை வேளையோடு எச்சரிக்கக்கூடியவர் அந்த நாயைப் பார்க்கும் கால்நடை மருத்துவர். அதோடு, நாய்க்காக இரவில் வரும் அதே மருத்துவர்தான் கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்கும் வருவார். மாட்டாஸ்பத்திரி என்று ஊர் சொல்லும் இடம் எல்லா உயிருக்குமானது.

செலவு யாருடையது என்ற கணக்கு வழக்கும் எழும். வண்டி வாங்கும் பணம் முழுவதும் மத்திய அரசுடையது. நடத்தும் செலவிலும் இந்த இரு மாநிலங்களுக்கும் 60 விழுக்காடு அங்கிருந்தே வருகிறது. எல்லை தாண்டிய அழைப்புகளை எண்ணி ஆண்டுக்கொரு முறை நேர்செய்துகொள்வது இரு துறைகளுக்குப் பெரிய காரியமல்ல. வளர்ப்பவர் கட்டணம் தரட்டும் என்றால் அதுவும் சரியே. தரத் தயாராக இருந்தும் வர ஆளில்லாததுதான் இங்கே குறை.

சின்னாறு போன்ற காட்டுச் சாலைகளில் வனவிலங்குகளுக்காக உள்ள இரவுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்வது தவறு. அந்த நேரங்களில் மருத்துவர் தொலைபேசியில் வழிகாட்டவும், மருந்து இருக்கும் இடம் சொல்லவும் முறை வேண்டும். இல்லாவிட்டால் மருந்துக்கடை வலி மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை.

கேரள, தமிழ்நாடு கால்நடைத் துறைகள் பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தாலுகாக்களையும் அட்டப்பாடியையும் முதலில் எடுத்துக்கொண்டு, 1962 அழைப்புகளைப் பகிரும் உடன்பாட்டைச் செய்ய வேண்டும். இந்தப் பகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் அதை அவையில் கேட்க வேண்டும். அதுவரை, நாய் வளர்ப்பவர்கள் எல்லையின் இரு பக்கத்து மருத்துவர்களின் எண்களையும் இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்வோ, வெறிநோய்த் தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுவிடுங்கள்.