ஈரம் காயுமுன் ஏற்பாடு வேண்டும்

டாக்குரியா ஏரிக்கரையில் காலையில் உலாவச் செல்லும் தமிழன்பர்களுக்கு அந்த ஏரியின் கதை ஓரளவு தெரிந்திருக்கும். 1920-களில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் சதுப்புக் காட்டைக் கையகப்படுத்தி வெட்டிய ஏரி அது. 1958-ல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாறிய பிறகும் ஊர் வழக்கில் அது 'லேக்'தான். வெட்டும்போது சேற்றிலிருந்து பழைய பீரங்கிகள் கிடைத்தன என்பார்கள். பீரங்கி இரும்பாகையால் தாக்குப்பிடித்தது. அதே சேற்றில் ஒரு மரப்படகு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கரையேற்றி வெயிலில் காய வைத்திருப்பார்கள். அந்த வெயிலே அதற்கு எமனாகியிருக்கும்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. நூற்றாண்டுக் கணக்கில் நீரில் கிடந்த மரத்தின் உட்சத்தைக் கிருமிகள் தின்றுவிடுகின்றன. அந்த இடத்தில் நீர் நிறைந்து மரத்துக்கு உருவம் கொடுத்து நிற்கிறது. நீர் வற்றினால் உள்ளறைகள் நொறுங்கி, மரம் சுருங்கி வெடித்துவிடும். பிறகு எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் பழைய உருவம் திரும்பாது. கடலிலிருந்து எடுத்த இரும்பும் அப்படித்தான். உள்ளே ஊறிய உப்பு, காற்றுப் பட்டதும் அதைச் செதில் செதிலாக உதிர்த்துவிடும்.

முதல் உதவிக்கு வேண்டிய சாமான்கள் எளியவை. பெரிய பிளாஸ்டிக் தொட்டி, பாலிதீன் தாள், ஈரச் சாக்கு, பஞ்சு, தண்ணீர் தெளிப்பான், அடையாளச் சீட்டு, நிழல் இவை போதும். பெரும்பாலானவை கடைத்தெருவில் கிடைப்பவையே. இரும்பாயின் சோடா உப்புக் கரைசலில் மூழ்க வைக்க வேண்டும்.

அடுத்த கட்டம்தான் செலவு மிக்கது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை நீரில் கரைத்து மரத்தில் ஏற்றுகிறார்கள். மருந்துக் களிம்புகளில் சேரும் அதே பொருள்தான். முதலில் நீர்த்த கரைசல், பிறகு சிறிது சிறிதாகக் கெட்டியான கரைசல் என்று ஏற்ற, அது நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதற்குத் தொட்டி, பம்பு, உறைகுளிரில் உலர்த்தும் இயந்திரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். 1628-ல் மூழ்கி 1961-ல் மேலே வந்த ஸ்வீடனின் வாசா கப்பல் மீது 17 ஆண்டுகள் இக்கரைசலைத் தெளித்தார்கள். 1982-ல் எடுத்த இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலுக்குத் தெளிப்பு நின்றது 2013-ல்!

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960-களில் நடந்த அகழாய்வில் செங்கல் படகுத்துறையும் மரத்தூண்களும் வெளிப்பட்டன. அம்மரம் கிறிஸ்துவுக்கு முற்பட்டது என்று கரிமச் சோதனை சொல்லிற்று. கேரளத்தின் பட்டணத்தில் 2007-ல் சுமார் ஆறு மீட்டர் நீள மரத்தோணி சேற்றிலிருந்து கிடைத்தது. வங்காளமோ ஆறும் சேறுமான பூமி. இங்கே மண்ணுக்குள் என்னென்ன புதைந்திருக்கிறதோ, யார் கண்டார்கள்?

இத்தகைய பொருளை முதலில் தொடுவது பெரும்பாலும் அறிஞரின் கை அல்ல. மண்வெட்டி பிடித்த கூலியாளின் கைதான். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கண்டவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் வேலை நின்றுவிடும், கூலி போய்விடும் என்ற அச்சம் அவனுக்கு. ஆகவே கட்டை அடுப்புக்குப் போகிறது. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. நின்ற நாளுக்குக் கூலியும், கண்டெடுத்ததற்கு வெகுமதியும் உண்டு என்று அரசு உறுதி கூறினால் அவனே முதல் காவலனாவான்.

ரயில்வேயில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. விபத்து நேர்ந்த பிறகு ஜாக்கியும் கயிறும் தேடி ஓடுவதில்லை. நிவாரண வண்டி சகல சாமான்களுடன் எப்போதும் தயாராக நிற்கும். அதேபோல் மாவட்டந்தோறும் ஒரு தொட்டி, ஒரு பெட்டி சாமான், பயிற்சி பெற்ற ஓர் ஊழியர் தயாராக இருக்க வேண்டும். மாநிலத்துக்கு ஒரு பெரிய கூடமாவது கரைசல் ஏற்றும் வசதியுடன் அமைய வேண்டும். பள்ளம் தோண்டும் ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு விதி சேர்ப்பது கடினமல்ல.

அதுவரை, அஸ்திவாரம் தோண்டும் நம்மவர்களும் ஊரில் குளம் வெட்டுவோரும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் நல்லது. சேற்றில் பழைய மரம் தென்பட்டால் கழுவ வேண்டாம், சுரண்ட வேண்டாம், காய வைக்க வேண்டாம். ஈரச் சாக்கைப் போர்த்தி, மேலே பாலிதீனை மூடி, அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினால் போதும். ஈராயிரம் ஆண்டு நீருக்குள் பிழைத்த பொருள் ஒரு நாள் வெயிலில் சாகலாகாது.