புது பிளேடு கேட்பது மரியாதைக் குறைவல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முத்தியால்பேட்டையிலோ நெல்லித்தோப்பிலோ எந்த சலூனை எட்டிப் பார்த்தாலும் கூட்டம்தான். ஆஸ்பத்திரியில் "புது ஊசிதானே?" என்று தயங்காமல் கேட்கும் நாம், சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொள்கிறோம். கேட்டால் அவர் மனம் புண்படுமோ என்ற கூச்சம். அந்தக் கூச்சம் வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். பிறகு பரவிய எய்ட்ஸ் பயத்தில்தான் சலூன்களில் பிளேடு மாற்றும் பேச்சே பெரிதாக வந்தது. உண்மையில் சவரத்தில் எச்.ஐ.வி. தொற்றுவது மிக மிக அரிது. அந்தக் கிருமி உடலுக்கு வெளியே அதிக நேரம் தாங்காது. நாம் யோசிக்க வேண்டியது ஹெபடைடிஸ் பி பற்றி. காய்ந்த ரத்தத்தில்கூட அது 7 நாள் வரை உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறலே அதற்குப் போதும். தடுப்பூசி போடாதவருக்கு நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 1000-க்கு 3. ஹெபடைடிஸ் பி 100-க்கு 30 வரை போகலாம். சவரக் கீறலில் இவ்வளவு இல்லை. ஆனாலும் எது வீரியமானது என்பது புரிகிறதல்லவா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சுமார் 2.98 கோடி பேருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. கல்லீரல் சுருங்கிய பிறகுதான் தெரியவரும். முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஆளைப் பார்த்து ஒதுக்குவதில் பயனில்லை. எல்லோருக்கும் புது பிளேடு என்பதே வழி.

பிளேடை மட்டும் பார்த்தால் போதாது. பிடரியில் 'ஜீரோ' ஓட்டும் மெஷின், எல்லோர் கன்னத்திலும் தேய்க்கும் ஒரே படிகாரக்கட்டி, இவையும் ரத்தம் படும் பொருள்கள்தான். டெட்டால் தண்ணீரில் முக்கி எடுத்தால் சுத்தம் என்று நம்ப வேண்டாம். படிகாரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

குழந்தைக்கு மொட்டை போடும் வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெரியவருக்கு இந்தத் தொற்று வந்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். கைக்குழந்தைக்கு வந்தால் 100-இல் 90 பேருக்கு நிலைத்துவிடும். திருப்பதி கல்யாணக்கட்டாவில் டோக்கனோடு பிளேடும் தருகிறார்கள். அத்தனை கூட்டத்தில் அங்கே முடிகிறது, குலதெய்வக் கோயிலில் நம்மால் முடியாதா? காதுகுத்துச் சீர்வரிசையில் ஒரு பிளேடு பாக்கெட்டும் போகட்டும். பிறந்த உடனே போடும் தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள்.

இதைச் சலூன்காரர் மேல் குறையாகச் சொல்லவில்லை. நம் ஊர்களில் ஒரு காலத்தில் வைத்தியமும் பிரசவமும் பார்த்த சமூகம் அது; 'மருத்துவர்' என்ற பெயரே அதற்குச் சாட்சி. நாள் முழுக்கப் பிறர் ரத்தத்தைத் தொடும் அவருக்குத்தான் நம்மைவிட ஆபத்து அதிகம். பிளேடு காசை நாம் கொடுப்போம். பழைய பிளேடுகளைத் தனியாக வாங்கிக்கொள்ள நகராட்சி ஏற்பாடு செய்யட்டும். சலூன் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகத் தடுப்பூசி போடட்டும்.

உங்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் சிறுவயதில் இந்த ஊசி போட்டிருக்க வாய்ப்புக் குறைவு. டாக்டரைக் கேட்டு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி. இருந்தாலும் பயப்பட வேண்டாம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

வகுப்பில் சொன்னதுதான்: சந்தேகம் இருந்தால் கையைத் தூக்கிக் கேளுங்கள். அடுத்த ஞாயிறு நாற்காலியில் உட்கார்ந்ததும் சிரித்துக்கொண்டே கேளுங்கள், "அண்ணே, புது பிளேடு போட்டுடுங்க."