கதையின் நேரம் யார் கையில்?

அருங்காட்சியக வடிவமைப்பைப் பற்றிய கருத்தரங்குகளில் இப்போது 'கதைசொல்லல்' என்ற சொல் இல்லாமல் ஓர் அமர்வுகூட முடிவதில்லை. பொருள்களை வரிசையாக அடுக்கிவைத்த காலம் போய்விட்டது, இனிப் பார்வையாளருக்குக் கதை சொல்ல வேண்டும் என்கிறார்கள். மறுப்பதற்கில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னை மக்கள் அழைத்ததில் கேலி மட்டுமன்று, கூர்மையான விமர்சனமும் உண்டு. ஆனால் பார்வையாளர் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை முடிவுசெய்பவர் யார் என்ற கேள்வி இவ்வமர்வுகளில் அரிதாகவே எழுகிறது.

தில்லியில் இரண்டு நினைவில்லங்கள் உள்ளன. இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன: ஒருவரின் கடைசி நடை. காந்தி தம் இறுதி 144 நாள்களைக் கழித்த பிர்லா மாளிகை இன்று காந்தி ஸ்மிருதி. 1948 சனவரி 30 மாலை அவர் தம் அறையிலிருந்து வழிபாட்டுத் திடலுக்கு நடந்த வழியெங்கும் காலடிகள் சிமெண்டில் வார்க்கப்பட்டுள்ளன. சப்தர்ஜங் சாலை முதலாம் எண் இல்லத்தில், 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி நடந்த பாதை படிகக் கண்ணாடியால் மூடப்பட்டிருக்கிறது.

இரண்டிலும் பார்வையாளரின் உடல் வெவ்வேறாக இயங்குகிறது. கண்ணாடிப் பாதையருகே மக்கள் ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள். பின்னால் வரும் கூட்டம் தள்ள, நகர்ந்துவிடுகிறார்கள். குருதி படிந்த புடவையையும், திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி அணிந்திருந்த ஆடைகளின் எச்சத்தையும் உள்ளே கண்டவர்களுக்கு அதுவும் காட்சிப்பொருள்களில் ஒன்றாகிவிடுகிறது. காந்தி ஸ்மிருதியிலோ மக்கள் காலடிகளின் பக்கத்தில் நடக்கிறார்கள். பலருடைய நடை தானாகவே மெதுவாகிறது. குழந்தைகள் தங்கள் பாதங்களை அளந்து பார்க்கிறார்கள். பிறகு காலடிகள் நின்றுவிடுகின்றன. இந்தியோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாத ஒருவருக்கும் அங்கே விளக்கப்பலகை தேவையில்லை. நம் நாட்டில் இது சிறிய விஷயமன்று.

இதே காந்தி ஸ்மிருதியில் 2020 சனவரியில் ஒரு சர்ச்சை எழுந்தது. காந்தியின் இறுதி நாள்களை ஆன்றி கார்த்தியே-பிரெசோன் எடுத்த புகைப்படங்கள் அகற்றப்பட்டு மின்திரைகள் வைக்கப்பட்டுள்ளன எனக் காந்தியின் கொள்ளுப்பேரர் துஷார் காந்தி குற்றஞ்சாட்டினார். நடந்தது மின்னணுமயமாக்கம்தான் என்றது நிர்வாகம். விவாதம் அரசியலோடு முடிந்துபோனது. வடிவமைப்பு சார்ந்த கேள்வியைப் பெரும்பாலோர் தொடவில்லை. சுவரில் தொங்கும் படம் நமக்காகக் காத்திருக்கும். திரையில் ஓடும் படமோ சில நொடிகளில் அடுத்ததற்கு இடம்விட்டு மறையும். இரண்டும் ஒரே படம்தான் என்று வாதிடுவோர், பார்த்தல் என்பதையே தகவல் பெறுதலாகச் சுருக்கிவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

தொழில்நுட்பத்தின் மீது எனக்குப் பகையில்லை. அதே வளாகத்தில் ரஞ்சித் மக்குனி வடிவமைத்த பல்லூடகக் காட்சிக்கூடத்தில் பார்வையாளர் தொட்டும் சுழற்றியும் இயக்கவேண்டிய பொருள்கள் பல இருக்கின்றன. கை அசைந்தால்தான் கதையும் அசைகிறது. 2017இல் திறக்கப்பட்ட அமிர்தசரசு பிரிவினை அருங்காட்சியகத்தில் ஒரு கிணறு அமைக்கப்பட்டுள்ளது. மானம் காக்கக் கிணறுகளில் குதித்த பெண்களை அது நினைவூட்டுகிறது. அங்கே ஒலியை இன்னும் கூட்டியிருந்தால் அந்தக் கிணறு நாடக அரங்கின் தட்டுமுட்டுப் பொருளாகிவிட்டிருக்கும். எட்டிப் பார்ப்பதா, விலகிச் செல்வதா என்பது வந்தவர் பாடு.

ஆய்வாளர்களாகிய நம் அளவுகோலும் இங்கே சிக்கலானது. பார்வையாளர் ஆய்வுகளில் 'நின்ற நேரம்' என்று ஒன்றைக் குறிக்கிறோம். நேரம் கூடினால் ஈடுபாடும் கூடியதாகக் கொள்கிறோம். ஓடும் காணொளி முடியட்டும் என்று திரைமுன் ஐந்து நிமிடம் நின்றவரும், கடைசிக் காலடிக்கு அப்பால் எங்கே போவதென்று தெரியாமல் ஐந்து நிமிடம் நின்றவரும் நம் அட்டவணையில் ஒரே எண்ணாகப் பதிவாகிறார்கள்.