மேலே வெயில், கீழே தொட்டில்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கீழ்வீடு முடிந்து, மாடியில் ஒரே ஒரு அறைக்குச் சுவர் எழும்பி நிற்கிறதாம். "சரிவாகக் காங்கிரீட் போட்டு மேலே கலர் காங்கிரீட் ஓடு ஒட்டிவிடலாம், பார்க்க ஜோராக இருக்கும்" என்கிறார் இன்ஜினீயர். "மொட்டை மாடி இல்லேன்னா வடகத்தை எங்கே காயப்போடுறது?" என்கிறார் மாமியார். மாசியில் மூத்த மகள் பிரசவத்துக்கு வருகிறாள். சித்திரை வெயிலில் பச்சைக் குழந்தையோடு அவள் இருக்கப்போவது அந்த மாடி அறையில்தான். எது நல்லது என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் ஊர் மலையடிவாரம் என்றுதான் பெயர். ஆனால் தென்மேற்குப் பருவமழையை அந்த மலையே மறைத்துக்கொள்கிறது. பெரிய மழைக்கு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்கவேண்டும். மற்ற மாதங்களில் வெயில்தான் ராஜா. காங்கிரீட் தளம் பகல் முழுக்க அந்த வெயிலைக் குடித்துவைத்து, விளக்கு வைத்த பிறகுதான் கீழே விடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டால் அனலை அள்ளிக் கொட்டுகிறதே, காரணம் இதுதான்.

உங்கள் பக்கத்துப் பழைய மச்சு வீடுகளில் நுழைந்து பாருங்கள். தேக்கு உத்திரம், அதன்மேல் காரையில் நிறுத்திவைத்த செங்கல், அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. அத்தனையும் தாண்டி வெயில் உள்ளே வர வெகுநேரம் பிடிக்கும். அந்த வேலைக்கு இன்று ஆளும் கிடையாது, மரத்துக்குப் பணமும் கிடையாது என்பது வேறு கதை.

இப்போது ஓட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் அரிஸோனா என்ற பாலைவனப் பிரதேசம். அங்கே ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றி எழும்பிய புதுக் காலனிகளில் வீட்டுக்கு வீடு காங்கிரீட் ஓடுதான். அந்தக் கொளுத்தும் வெயிலில் ஓடு எப்படி ஒத்துக்கொள்கிறது தெரியுமா? ரீப்பர் சட்டத்தில் ஓட்டை மாட்டுகிறார்கள். ஓட்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே காற்று ஓடுகிறது. சூடு அந்தக் காற்றோடு வெளியே போய்விடும். நம் மங்களூர் ஓட்டுக்கும் இதே சூட்சுமம்தான். பாஸல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை வைத்தது முதல் கைமரமும் ரீப்பருமாகத்தானே வேய்ந்துவந்தோம்? அதை விட்டுவிட்டு, சரிவுக் காங்கிரீட்டின்மேல் சிமெண்டு குழைத்து ஓட்டை ஒட்டிவிட்டால் காற்றுக்கு வழியே இல்லை. அது காங்கிரீட்டுக்குப் போட்ட சட்டை, அவ்வளவுதான். அதுவும் கறுஞ்சிவப்புக் கலர் என்றால் கேட்கவே வேண்டாம்!

ஓடுதான் வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தால், ரீப்பர் அடித்து மாட்டச் சொல்லுங்கள். இரண்டு அங்குலமாவது இடைவெளி, கீழ் விளிம்பிலும் முகட்டிலும் காற்று போகத் திறப்பு, அணில் நுழையாமல் கம்பிவலை, வெளிர் நிறம். ஒரு ஓடு நாலைந்து கிலோ இருக்கும். ஆயிரம் சதுர அடிக்கு நாலு டன்னுக்கு மேல் வரும். தாங்குமா என்று இன்ஜினீயர் கணக்குப் போடவேண்டும். ஆடிக் காற்றை நினைத்து விளிம்பு ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் திருகாணி போட்டு இறுக்கவேண்டும். இன்னொன்று: மழையை உண்மையில் தடுப்பது ஓட்டுக்கு அடியில் விரிக்கும் நீர்த்தடுப்பு விரிப்பு. ஓட்டுக்கு முன்னால் அதுதான் மக்கும்.

என் ஓட்டு மாமியாருக்கே! ஒற்றை அறைக்கு இத்தனை செலவு எதற்கு? மட்டமான தளம் போட்டு, மேலே மூன்று அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம், அதன்மேல் வெள்ளை கூலிங் டைல்ஸ். தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரியாக இருக்கட்டும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. நம் மாநிலமும் 2024-ல் வெப்ப அலையைப் பேரிடர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. விளையாட்டு விஷயமில்லை.

மகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. எந்தக் கூரை போட்டாலும் இந்தச் சித்திரைக்குத் தாயையும் பிள்ளையையும் கீழ்வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சுவரில் ஈரமும் பெயிண்ட் நெடியும் வேறு இருக்கும். கண் படும், கொசு கடிக்கும் என்று தூளிமேல் துணி போட்டு மூடாதீர்கள், உள்ளே வெந்துபோகும். மெல்லிய கொசுவலை போதும். "நாக்கு வறளுதே, ரெண்டு சொட்டுத் தண்ணி விடு" என்று யாராவது சொல்வார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. எந்த வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். அடிக்கடி பால் கொடுத்தால் போதும், தண்ணீரைத் தாய் குடிக்கட்டும். முதல் வாரம் கழிந்த குழந்தை நாளைக்கு ஆறு துணியாவது நனைக்கவேண்டும். அது குறைந்தாலோ, உடம்பு சுட்டு, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

டைல்ஸுக்கு இப்போது பணமில்லை என்றால், மாசிக் கடைசியில் தளத்துக்குச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள். நன்றாக நீர்த்து, வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்தால் பிடித்து நிற்கும். ஐப்பசி மழையில் கரையும். வருஷா வருஷம் அடிக்கவேண்டியதுதான். வடகத்துக்கு அடியில் கெட்டித் துணி விரிக்க மறக்காதீர்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்கவிடாமல், இமையை விரித்துப் பிடித்து, 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவி, அதே கையோடு கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.