ஏரிச்சங்கிலிப் பள்ளிகள் இணைய வேண்டும்



தமிழகத்தில் உள்ள சுமார் 39,000 ஏரிகளுள் பல தனித்து நிற்பவை அல்ல. மேல் ஏரி நிறைந்ததும் உபரிநீர் கலங்கல் எனப்படும் தாழ்ந்த கற்கட்டின் வழியே வழிந்து, வரத்துக்கால் என்னும் நீர்வழி மூலம் கீழ் ஏரியை அடையுமாறு முன்னோர் அவற்றைச் சங்கிலித்தொடராக அமைத்துள்ளனர். ஆதலால் ஓர் ஏரியில் கலக்கும் கழிவுநீரும், ஒரு வரத்துக்காலில் எழும் ஆக்கிரமிப்பும் அடுத்தடுத்த ஊர்களின் பாசனத்தையும் நிலத்தடி நீரையும் பாதிக்கின்றன.

இவ்வுண்மையை ஒரு பள்ளி தன் ஊர் எல்லைக்குள் நின்று முழுமையாகக் கற்பிக்க இயலாது என்பதால், ஒரே தொடரில் அமைந்த ஊர்களின் பள்ளிகள், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடின்றிக் கைகோத்தல் இன்றியமையாதது. நீர்மட்டத்தையும் நீரின் அமில காரத் தன்மையையும் பறவை வரவையும் மேலூர், கீழூர் மாணவர்கள் ஒரே முறையில் பதிவுசெய்து ஒப்பிடுவதும், மதகைத் திறந்து வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்க்கட்டியிடம் நேரில் பாடம் கேட்பதும், ஊர்மக்களே கூடி ஏரியைப் பராமரித்த குடிமராமத்து மரபை அவர்களுக்கு உணர்த்தும். பள்ளிக்கல்வித் துறையும் நீர்வளத் துறையும் இணைந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இத்தகைய கூட்டுக் கல்வியைத் தொடங்க ஆவன செய்தல் வேண்டும்.

– வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்